அது கூண்டு இல்லை, மீன் கூடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில், பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் பெற்றோரைப் பற்றி வந்த கவிதையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம்தான் வந்தது, யாரோ எங்கள் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு எழுதினதுபோல இருந்தது. பிள்ளையின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் அப்பா, பிள்ளையிடம் கேட்ட கேள்விக்குத் தான் பதில் சொல்லும் அம்மா, எல்லாம் அச்சு அசல். ஒன்பதாவது படிக்கிற என் மகளிடம் டாக்டர் "எங்கேம்மா வலிக்குது" என்று கேட்டால் நான்தான் பதில் சொல்கிறேன். வயிறு அவளுடையது, வாய் என்னுடையது.

இரண்டாவது தடவை படித்தபோது கோபம் போய்விட்டது. ஆனாலும் கவிஞரிடம் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

பிள்ளை என்றால் பறவை, வீடு என்றால் கூண்டு, இதையே எத்தனை காலத்துக்குச் சொல்வது? கூண்டு என்றால் பூட்டு இருக்கும், பூட்டினவர்களுக்கும் தாங்கள் பூட்டினது தெரியும். எங்கள் பக்கம் மீன் பிடிக்கக் கடலுக்குள் கூடு இறக்குவார்கள், கவிஞர் ஒரு நாள் வந்து அதைப் பார்க்க வேண்டும். கூட்டின் வாய் திறந்தேதான் இருக்கும். பூட்டு கிடையாது, உள்ளே இரையும் உண்டு. மீன் தானாகத்தான் உள்ளே போகிறது, போன பிறகு அதற்கு வெளியே வர வழி தெரியாது, அவ்வளவுதான். என் மகளை நான் அடைத்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் நானே செய்து செய்து, அவளுக்கு வழி தெரியாமல் பண்ணிவிட்டேன்.

அப்புறம், அந்தக் காலத்தில் பிள்ளைகளைச் சுதந்திரமாக விட்டார்கள் என்று கவிதையில் ஒரு ஏக்கம் வருகிறதே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் பிறந்தது பாம்பன் சின்னப்பாலத்தில், கட்டிக்கொடுத்தது தங்கச்சிமடத்தில். எங்கள் அம்மா கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போவார், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் முங்கி முங்கிப் பாறையில் இருந்து பிய்த்து எடுக்கிற வேலை. விடியுமுன் கிளம்பிவிடுவார். நானே எழுந்து, பழைய சோற்றைத் தின்றுவிட்டு, தம்பிக்குத் தலை சீவிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன், சாயங்காலம் வந்து மணலில் காயப்போட்ட பாசியைப் புரட்டிப் போடுவேன். நீச்சலை யாரும் சொல்லித் தரவில்லை, கட்டிக் கிடக்கிற வத்தையை, அதாவது சின்னப் படகைப் பிடித்துக்கொண்டு காலை அடித்து அடித்து ஏழு வயதில் வந்துவிட்டது. இது சுதந்திரமா? என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதுதான் உண்மை. என் பிள்ளைக்காவது நான் கூடவே இருக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்திருப்பேன் போல, இன்றைக்கு ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறேன்.

பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. என் மாமியாரின் அம்மா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ரயிலையே கடல் கொண்டுபோன ஊர் அது. அவர் சாகும்வரை, மழை இருட்டினால் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே இருப்பார். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். படகு கரை திரும்பும்வரை, இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டதோ என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இப்படிப் பழகின மனசு பிள்ளையிடம் வந்ததும் மட்டும் தெளிந்துவிடுமா? கவிதை இதை ஒரு வரியில் அசட்டுத்தனம் என்று தள்ளிவிட்டது.

சரி, இவ்வளவு பேசிவிட்டு என் குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. எங்கள் வீட்டுக்கு வடக்கே நடந்து போகிற தூரத்தில் கடல். பாக் விரிகுடா, நாங்கள் பெண் கடல் என்போம், மன்னார் வளைகுடா பக்கம் இருப்பது ஆண் கடல். பெண் கடலை இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு என் மகளுக்கு நீச்சல் தெரியாது. சின்னதாக இருக்கும்போது அலைக்குப் பயந்து இறக்கவில்லை, அப்புறம் வயசுக்கு வந்துவிட்டாள், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். அவளைவிட இரண்டு வயது சின்னவனான என் மகன் மட்டும் லீவு விட்டால் சித்தப்பாவோடு வத்தையில் ஏறிப் போகிறான், அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கவிதையில் "குழந்தை" "குழந்தை" என்று பொதுவாகவே வருகிறது, ஆணா பெண்ணா என்று இல்லை. எங்கள் ஊரில் அது பெரிய விஷயம். பையனை ஒரு மடங்கு பொத்தினால் பெண்ணை நாலு மடங்கு பொத்துகிறோம். கடலோரத்தில் வளர்ந்த பெண்ணுக்கு நீந்தத் தெரியாவிட்டால் அவளைக் காப்பாற்றினேன் என்று நான் எப்படிச் சொல்ல?

இன்னொன்று. எங்கள் பக்கத்துப் பள்ளி விழாக்களில் கலாம் பெயரைச் சொல்லாமல் ஒரு மேடையும் இறங்காது. ராமேஸ்வரத்துத் தெருவில் சின்னப் பையனாகப் பேப்பர் போட்டவர், ஊரை விட்டு ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் போய்ப் படித்தவர் என்று பேசுவார்கள், நாங்களும் கை தட்டுவோம். தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கக்கூடப் பிள்ளையைத் தனியாக அனுப்புவதில்லை.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில் கிடக்கும், இவரும் வீட்டில் இருப்பார். அந்த நேரத்தில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று எடுத்தால் தெற்கே ஆண் கடல் கிடந்து குமுறும், எங்கள் பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். மகளுக்கு நீச்சல் நான் சொல்லித் தருகிறேன் என்றார் இவர். வேண்டாம், நானே சொல்லித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் கடலில் இறங்கியே பதினைந்து வருஷம் ஆகிறது, மறந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. பெரியவர்கள் பிள்ளைகளுக்காக எழுதுவது போதும், இதைப் பற்றிப் பிள்ளைகளே எழுதினதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். உங்கள் கவிதையைப் படித்துவிட்டு என் மகளும் நோட்டில் என்னமோ எழுதி வைத்திருக்கிறாள். காட்டச் சொன்னேன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம், அட்ரஸ் மட்டும் குடு, நானே அனுப்பிக்கிறேன் என்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்