அக்காவுக்கு, அந்தப் படம் பற்றி

அக்கா,

அப்பா திதிக்கு நான் ஏன் வரவில்லை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இதைப் படிக்கிறார்கள், வீட்டுப் பேச்சை எடுத்தால் நாளைக்கே உனக்குப் போன் வரும். இது ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்து நான் வரைந்து, நீ என் கையிலிருந்து பிடுங்கிய படத்தைப் பற்றி மட்டும்.

அன்றைக்கு டாக்டர் வந்தபோது நீ மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாய். அப்பாவைப் புருவத்தைத் தூக்கச் சொன்னார், நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கியது. சிரிக்கச் சொன்னார், வாயில் ஒரு ஓரம் மட்டும் மேலே போனது. மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் நெற்றிக்குக் கட்டளை வருவதால் பக்கவாதத்தில் நெற்றி பெரும்பாலும் தப்பித்துவிடும், முகத்து நரம்பு மட்டும் கெடுகிற முகவாதம் என்றால் அதுவும் அசையாது என்று கூட வந்த மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ அரசியல்வாதிகளுக்கு கார்ட்டூனில் நான் போட்ட வாய் அது. ஒரு ஓரத்தை மேலே இழுத்து நெற்றியில் இரண்டு கோடு போட்டால் போதும், ஆள் உள்ளுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறான் என்று பார்க்கிறவனுக்குப் புரிந்துவிடும். ஆயுசு முழுக்க ஒரு கிண்டல் பேசாத மனுஷன் முகத்தில், என் பேனாவின் அதே குசும்புச் சிரிப்பு, அவருக்கே தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்தது. பயமாகிவிட்டது. பயந்தால் என் கை நோட்டைத்தான் தேடும்.

"இன்னாடா இது, அப்பாவைப் போய் கேலி பண்ணி வெச்சிருக்க?" நீ போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டில் வங்காளி அம்மாகூடத் திரும்பிப் பார்த்தார்.

உனக்கு வலித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வரைந்ததற்குக் கேட்க மாட்டேன். நீ அழுதாய், நான் வரைந்தேன், அழுதால்தான் பிள்ளை என்று யார் முடிவு செய்தது? ராத்திரியெல்லாம் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தது யார் என்று... சரி, விடு.

வேலூர்க் கோட்டைக் கோயில் கல்யாண மண்டபத் தூண் முன்னால் என்னை உட்கார வைத்து யாளி வரையச் சொன்னதே அப்பாதான். 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்த கதையை வார்த்தை மாறாமல் சொல்லி முடித்துவிட்டு, "யாளிய எவனும் பார்த்ததில்ல, எப்படிப் போட்டாலும் தப்பில்ல. மனுஷன் மூஞ்சியப் போடு, சாயல் வரலன்னு நூறு பேர் வருவான்" என்பார். அந்தப் படத்தில் சாயல் வந்திருந்தது அக்கா. வராமல் போயிருந்தால் நீ அவ்வளவு கத்தியிருக்க மாட்டாய்.

போன மாசம் அப்பாவின் ஸ்கேன் கவரைத் திறந்தேன். அந்தப் படத்தை நீ கிழித்துப் போட்டிருப்பாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், நாலாக மடித்து உள்ளே வைத்திருக்கிறாய். ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நான் எவ்வளவு நாள் உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன் தெரியுமா?

என் படங்களைத் தொகுப்பாகப் போடுகிறார்கள். இதையும் சேர்க்கிறேன், பெயர் இல்லாமல், கீழே ஒரு வரிகூட இல்லாமல். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். இல்லை, கேட்கத்தான் செய்கிறேன் போலிருக்கிறது. மாசக் கடைசியில் அச்சுக்குப் போகிறது, வேண்டாம் என்றால் அதற்குள் நீயே போன் பண்ணு. மாமாவை விட்டுப் பேச வைக்காதே.