கத்திக்கு 650 ரூபாயான்னு கேக்குறவங்களுக்கு

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல எங்க பக்கத்து அருவாள் பட்டறைகளப் பத்தி போட்டிருந்தீங்க, போட்டோல்லாம் பிரமாதம், நெருப்புப் பொறி பறக்குறத அப்படியே புடிச்சிருந்தாரு உங்க ஆளு. ஆனா கடைசியில இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வர மாட்டேங்குறாங்கன்னு ஒரு வரி போட்டு முடிச்சுட்டீங்க பாருங்க, அத படிச்சுட்டுதான் பேனாவ எடுத்தேன். பசங்க வரத்தான் செய்யுறாங்க சார். என் சித்தப்பா மவன் ரெண்டு வருசம் என் கத்திப் பட்டறையில எங்கூட நின்னான், நல்ல கை ஓட்டம் உள்ள பய, ஒரு நாள் சாயங்காலம் உக்காந்து ஒரு வாரத்து வரவு செலவ நோட்டுல எழுதிக் கூட்டிப் பாத்தான், மறு வாரம் திருப்பூருக்கு பஸ் ஏறிட்டான். அந்த நோட்டு பட்டறையிலதான் கெடக்கு, விலைய மட்டும் இன்னைக்கு விலைக்கு மாத்திக்கிட்டு அதப் பாத்துதான் எழுதுறேன்.

திருப்பாச்சேத்தின்னாலே எல்லாருக்கும் அருவாள்தான் ஞாபகம் வரும். ஆனா கதிர் அறுக்குற மிஷின் வயல்ல எறங்குன பொறவு கதிர் அருவாள் கேட்டு வர்ற ஆளு ரொம்ப கொறஞ்சு போச்சு, கருப்பசாமிக்கு நேர்ந்துக்கிட்டு ஆள் உசர அருவாள் கேட்டு வர்றவங்க உண்டு, அது வருசத்துல சில நாள் வேலை, அத நம்பி பட்டறை நடத்த முடியாது. என் பட்டறையில இப்ப ஓடுறது கறிக்கடை கத்தியும் வீட்டுக் கத்தியும்தான். நானும் சம்மட்டி அடிக்க ஒரு அண்ணனும், ரெண்டே பேரு. மூணு நாள் அடுப்பு வேலை, ரெண்டு நாள் சாணை, ஒரு நாள் பிடி போட்டு கடைக்குக் கொண்டு போறது, இப்படி ஓடுனா ஒரு வாரத்துக்கு 24 கறிக்கத்தி வரும்.

இரும்புன்னு பாத்தா லாரி பட்டை, பழைய ஸ்பிரிங் பட்டைய காயலான் கடையில எடை போட்டு வாங்குறது, கிலோ 85 ரூபா, 20 கிலோவுக்கு 1,700. கடைக்கு வர்றவங்க கண்ணுக்கு இந்த இரும்பு மட்டும்தான் தெரியும், "முக்கா கிலோ இரும்பு, இதுக்குப் போயி 650 ரூபாயா"ன்னு கேப்பாங்க. கரிய யாரும் கேக்குறதில்ல. சீமைக்கருவேலங்கரி, ஒரு நாள் அடுப்புக்கு ஒரு மூட்டை, மூட்டை 900, மூணு நாளைக்கு 2,700, அதாவது இரும்ப விட கரிதான் அதிகம். ஐப்பசி கார்த்திகையில மழை புடிச்சா கரி சுடுற மூட்டம் போட முடியாது, அப்ப கரி மூட்டைக்காரர் சொல்றதுதான் விலை, இதுல தந்தூரி அடுப்பு வச்சிருக்குற ஓட்டல்காரங்களும் அதே கரிக்குத்தான் போட்டி, அவங்களுக்கு விலை ஒரு பொருட்டே இல்ல.

அண்ணனுக்கு நாள் கூலி 900, ஆறு நாளைக்கு 5,400. அது அதிகம்னு நான் சொல்லவே மாட்டேன், அந்த வெக்கையில நின்னு சம்மட்டி தூக்குறதுக்கு அது கம்மி. கத்திய உரசித் தீட்டுற எமரி பெல்ட் ஒண்ணு 150, நாலு கத்தி உரசுனா தேஞ்சு போயிரும், ஆக ஆறு பெல்ட்டுக்கு 900, சாணைக்கல் தேய்மானத்துக்கு 200, பிடிக் கட்டையும் ஆணியும் சேத்து 600, வாடகை வாரக் கணக்குல 1,000, கரன்ட் 600, எண்ணெய் கிளவுஸ் டீ எல்லாம் ஒரு 400. கூட்டிப் பாருங்க, 13,500 வரும். 24 கத்தியும் 650க்கு வித்துட்டா 15,600, மிச்சம் 2,100, அது என் ஒரு வாரத்துக் கூலி.

அதுவும் 24ம் நல்லபடியா வந்தாத்தான். கத்திய பழுக்கக் காச்சி எண்ணெயில முக்குறத நாங்க துவைச்சல்னு சொல்லுவோம், அதுலதான் கத்திக்கு வெட்டுற குணமே வரும். பழைய பட்டையில மயிரிழை மாதிரி வெடிப்பு இருக்கும், பல வருசம் லாரிக்கு அடியில ஆடி ஆடி வந்தது, கண்ணுக்குத் தெரியாது, அடிக்கும்போதும் தெரியாது, எண்ணெயில எறக்குன ஒடனே டிங்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்த சத்தத்துக்கு வயிறு கலங்கும். வாரத்துக்கு ரெண்டு இப்படிப் போகும். அப்ப 22 கத்தி, 14,300, எனக்கு நிக்கிறது 800 ரூபா. சித்தப்பா மவன் இந்த 800ஐ ரெண்டு கோடு போட்டு வச்சுட்டுத்தான் போயிருக்கான். அடுப்புக்குக் காத்து ஊதுற பிளோயர் மோட்டார் எரிஞ்சு போயி காயில் கட்டக் குடுத்தா அதுவும் போச்சு.

கரன்ட் பில்லப் பத்தி கொஞ்சம் சொல்லணும். 2022 செப்டம்பர்ல கட்டணத்த ஏத்துனதுல இருந்து நெலைக் கட்டணம்தான் உறுத்துது, அடுப்பு எரிஞ்சாலும் எரியாட்டியும் கட்டணும். குடிசைத் தொழிலுக்குன்னு தனி கட்டணம் இருக்கு, ஆனா எனக்கு முன்னாடி கடை, பின்னாடி பட்டறை, மீட்டர் ஒண்ணு, அதனால கடைக் கணக்குல போட்டுட்டாங்க. மாத்தித் தரச் சொல்லி மனு குடுத்து பத்து மாசம் ஆச்சு, போறப்பல்லாம் அடுத்த வாரம் வாங்கன்னு சொல்றாங்க.

வரி சமாச்சாரம் இன்னொரு கூத்து. கையால புடிச்சு வேலை செய்யுற விவசாயக் கருவிக்கு ஜிஎஸ்டி கெடையாது, கதிர் அருவாளுக்கு சைபர். அதே அடுப்பு, அதே பட்டை, அதே சம்மட்டி, கொஞ்சம் நேரா அடிச்சு கத்தியா ஆக்கிட்டா 18 சதவீதம், 2022 ஜூலை 18க்கு முந்தி 12ஆ இருந்தது. 40 லட்சத்துக்குக் கீழ வியாபாரம் பண்றதால நான் ஜிஎஸ்டி நம்பர் எடுக்கல, ஆனா பெல்ட்டுக்கும் சாணைக்கல்லுக்கும் நான் குடுத்த வரி திரும்பி வராது, பெரிய ஓட்டல்காரங்க ஜிஎஸ்டி பில் கேக்குறப்ப கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கணும், அவங்க பளபளன்னு பாக்கெட்ல வர்ற கத்திய வாங்கிட்டுப் போயிருவாங்க.

2021ல ரவுடிங்கள வேட்டையாடுனப்ப, கத்தி வாங்குறவங்க பேரு அட்ரஸ் போன் நம்பர் எழுதி வைக்கணும், கேமரா மாட்டணும்னு போலீஸ்ல சொன்னாங்க. தப்பே இல்ல, நோட்டு போட்டு எழுதத்தான் செய்யுறேன், நம்ம அடிச்ச சாமான் எவன் கையில போகுதுன்னு நமக்கும் ஒரு பயம் இருக்குல்ல. ஆனா கேமரா நம்ம காசு, கரித்தூசியில ஒண்ணு ஒரு வருசம் தாங்குனா பெருசு, இப்ப மாட்டியிருக்கது மூணாவது.

சம்மட்டிக்குப் பதிலா கரன்ட்ல அடிக்குற பவர் ஹாமர் வாங்குங்க, தமிழ்நாடு அரசோட கலைஞர் கைவினைத் திட்டத்துல 3 லட்சம் வரைக்கும் கடன் இருக்கு, 25 சதவீதம் மானியம் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கட்டும், நல்ல திட்டம்தான், ஆனா மிஷினுக்குக் கடன் குடுப்பாங்க, கரி மூட்டைக்கு யாரு குடுப்பா? மிஷினு வந்தா மோட்டார் பெருசு, நெலைக் கட்டணமும் சேந்து ஏறும், அண்ணன வீட்டுக்கு அனுப்பணும். அவருக்கு 54 வயசு, நான் எப்படி சொல்லுவேன் அவர்கிட்ட.

அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார். அடுத்த தடவை உங்க நிருபர் வந்தாருன்னா நெருப்ப மட்டும் போட்டோ எடுக்காம இந்த நோட்டையும் ஒரு போட்டோ எடுத்துப் போடச் சொல்லுங்க, அப்படியே கடையும் பட்டறையும் ஒரே மீட்டர்ல இருக்குறவங்களுக்கு என்ன வழின்னு அதிகாரிங்கள கேட்டு எழுதுனா எங்கள மாதிரி இன்னும் நாலு பேருக்கு உதவும். மூட்டைக்காரர் வண்டி சத்தம் கேக்குது, போன மாசத்து பாக்கியே 1,800 இருக்கு, இதோட நிறுத்திக்கிறேன்.

இப்படிக்கு,
கத்திப் பட்டறைக்காரன்,
திருப்பாச்சேத்தி பக்கம், சிவகங்கை மாவட்டம்