எங்கள் கத்தியை எங்களுக்கே திருப்பிக் கொடுங்கள்: மடக்குக் கத்தி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உற்பத்தியாளர்களுக்கு,

வணக்கம். பழுது பார்க்க அனுப்பிய மடக்குக் கத்திக்குப் பதில் புதுக் கத்தியை அனுப்பிவைக்கும் உங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போன மாதம் அது என் வீட்டிலும் நடந்தது.

அப்பாவின் கத்தி அது. பிடியின் முதுகில் அலகை அழுத்தி நிறுத்தும் ஸ்பிரிங்கில் மயிரிழை விரிசல் விழுந்து, அலகு லொடலொடவென்று ஆடியது. ஆட்டம் மட்டும் என்றால் அலகு சுழலும் ஆணியின் ஒரு தலையை இரும்பில் ஊன்றி, மறுதலையைச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டி நானே இறுக்கியிருப்பேன். ஸ்பிரிங்தான் வேண்டியிருந்தது. கேட்டேன். உதிரி பாகம் விற்பதில்லை, கத்தியை அனுப்புங்கள் என்றீர்கள். அனுப்பினேன். பளபளவென்று புதுக் கத்தி ஒன்று வந்தது, கூடவே ஒரு சீட்டு: "மாற்றங்கள் செய்யப்பட்டு, அளவுக்கு மீறித் தேய்ந்திருந்ததால் பழையது அப்புறப்படுத்தப்பட்டது."

என்ன மாற்றம் என்று சொல்கிறேன். வருடக்கணக்கில் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து அலகு குறுகி, முனை முதுகுப் பக்கம் ஏறிவிட்டது. மடக்கினாலும் முனை வெளியே நீட்டிக்கொண்டு சட்டைப்பையைக் கிழித்தது. அலகின் அடியில், ஸ்பிரிங்கில் முட்டி நிற்கும் சிறு மேடு ஒன்று உண்டே, அதை அப்பா அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பார், மடக்கிப் பார்ப்பார், மறுபடி ஓர் இழுப்பு. அவசரப்பட்டு அதிகம் அராவினால் மடக்கும்போது கூர் ஸ்பிரிங்கில் மோதி மழுங்கிவிடும். ஒருநாள் சாயங்காலம் முழுக்க அதே வேலை. கடைசியில் முனை பிடியின் பித்தளைத் தகடுகளுக்குள் அடங்கியது. விரிசல் விட்ட பிடியின் ஒரு பக்கத்துக்கு மரத்தை இழைத்துப் பொருத்தியதும் அவர்தான். இரு பக்கமும் நிறம் ஒட்டாது. ஆனால் அவர் கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் அந்த மரம் குழிந்திருந்தது.

இதைத்தான் அப்புறப்படுத்தினீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மடக்குக் கத்தியைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது குற்றமல்ல. 1890 முதல் செய்யப்பட்டுவரும் பிரான்ஸின் ஒப்பினெல் மடக்குக் கத்தியின் மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகு திறக்காமல் இறுகினால், வைத்திருப்பவர்களே அதைத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஊட்டி வழிக்குக் கொண்டுவருகிறார்கள். நீங்களோ பிடியை நாங்கள் கழற்ற முடியாதபடி பசைபோட்டு ஒட்டுகிறீர்கள். கார்பன் எஃகு சாம்பல் நிறத்தில் கறுத்தால் பராமரிப்பு இல்லை என்கிறீர்கள். சிவந்து, பொடிப்பொடியாய் அரிக்கும் துரு வேறு, அந்தத் துருவைக் கொஞ்சமாவது தள்ளிப்போடும் கறுப்பு வேறு. இது உங்களுக்குத் தெரியாதா? கத்தி செய்கிறவர்களே இப்படிச் சொன்னால் நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பழுது பார்க்க முடிந்தால் பாருங்கள். முடியாவிட்டால் அதே கத்தியை, ஆடுகிற அலகோடும் விரிசல் விட்ட ஸ்பிரிங்கோடும், அப்படியே திருப்பிக் கொடுங்கள். புதுக் கத்தி தருவதாக இருந்தால் முதலில் எங்களைக் கேளுங்கள். ஸ்பிரிங்கையும் ஆணியையும் தனியாக விற்க மனம் வந்தால் இன்னும் நல்லது, மிச்ச வேலையை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

வந்த புதுக் கத்தியை நான் இன்னும் திறக்கவில்லை. அதைத் திருப்பி அனுப்பத் தயார். உங்கள் பட்டறையில் கழித்துப் போட்டவை எங்காவது குவிந்து கிடந்தால், தயவுசெய்து ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கருத்த மரம். அலகைத் திறக்க நகம் மாட்டும் குழிக்கும் கூருக்கும் நடுவே ஒரு நெல்மணி அகலம்கூட இருக்காது.

இப்படிக்கு,
அந்தக் கத்திக்காகக் காத்திருப்பவன்