எங்கள் போர்த் தண்ணீரில் சோதியுங்கள்: நீர் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன உலோகங்களை நீக்கும் பொருள்களை ஆராயும் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

இராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 1990களில் மூடிய குரோமேட் ஆலை, அது விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, அதிலிருந்து எங்கள் நிலத்தடி நீரில் கசிந்த குரோமியம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். உங்கள் கட்டுரைகள் பலவற்றின் முதல் பத்தியே நாங்கள்தானே.

போன வாரம் இன்னொரு செய்தி. இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசான் மணிகள் குரோமியத்தைப் பிடித்துவிடுமாம், கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமாம். சந்தோஷம். ஆனால் எந்தத் தண்ணீரில் சோதித்தீர்கள்? இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றில், காய்ச்சி வடித்த நீரில் பொட்டாசியம் டைகுரோமேட் என்ற குரோமிய உப்பைக் கரைத்து, அமிலம் விட்டு பிஎச் 3, 4 என்று இறக்கிக்கொள்கிறார்கள். எங்கள் போர்த் தண்ணீர் அப்படிப் புளிக்காது. அதில் உப்பும் சல்பேட்டும் உண்டு. தண்ணீரிலுள்ள குரோமியம், அதாவது குரோமேட், வருவதற்குள் சல்பேட் மணியில் துண்டு போட்டு இடம்பிடித்துவிடும்.

எங்கள் தெருவில் குளிக்கப் போர்த் தண்ணீர், உலை வைக்கக் கேன் தண்ணீர். பக்கத்து வீட்டு ஆயா அரிசியை முதல் இரண்டு தடவை போர்த் தண்ணீரில் களைவார். கடைசித் தடவைக்குத்தான் கேனைச் சாய்ப்பார், அதுவும் டம்ளரில் அளந்து. அந்தப் போரிலிருந்துதான் உங்கள் மாணவர்கள் பாட்டிலில் பிடித்து, நம்பர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் எடுத்துப் போகிறார்கள். எவ்வளவு குரோமியம் இருந்தது என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு என்பது எங்களுக்கும் தெரியும். எங்கள் கணக்குத்தான் தெரியாது.

கேட்பது ஒன்றுதான். எங்கள் தெருவில் ஒரு வடிகட்டி வையுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஓடட்டும். கைட்டோசானும் இரும்பும் சேர்ந்த பொருளை வைத்து ஆர்சனிக்கை வடிகட்ட, சென்னை ஐஐடிக்காரர்கள் மேற்கு வங்கம் வரை போனார்களே. இராணிப்பேட்டை அவ்வளவு தூரமில்லை.

அப்புறம், மணியைக் கழுவிய காரத் தண்ணீர் எங்கே போகும்? பிடித்த குரோமியம் முழுக்க அதில்தானே இருக்கும்? பாலாற்றுக்கா? “பல முறை பயன்படுத்தலாம்” என்று எழுதும் கை, அதையும் ஒரு வரி எழுதலாம். தேர்தலுக்குத் தேர்தல் இங்கே ஆர்ஓ இயந்திரம் வரும், ரிப்பன் வெட்டுவார்கள், கழிவுநீரை அதே வாய்க்காலில் விடுவார்கள். சரி, அது உங்கள் குற்றமில்லை. கேட்டால் பதில் சொல்வீர்கள் என்ற நம்பிக்கையில் உங்களிடம் கொட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை பாட்டிலோடு வருகிறவர்கள் அந்த மணிகளையும் கொண்டுவந்து, எங்கள் தண்ணீரிலேயே சோதித்து, முடிவைத் தெருவில் ஒட்டிவிட்டுப் போகும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இடமும் கரண்டும் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
இராணிப்பேட்டைவாசி ஒருவர்