முதலில் தொடரின் இலக்கத்தைப் பார்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மகளுக்கு,

கிறிஸ்தவக் காதல் நாவல், மர்ம நாவல் எல்லாம் எங்கேயிருந்து வாசிக்கத் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் மறந்துவிடுவாய், அதுதான் எழுதுகிறேன்.

அட்டைப்படத்தில் மயங்காதே, தொடரில் எத்தனையாவது புத்தகம் என்று பார். இவை பெரும்பாலும் மூன்று, நான்கு புத்தகத் தொடர்களாகத்தான் வரும். கூடப்பிறந்தவர்கள், இல்லாவிட்டால் ஒரே பொலிஸ் பிரிவில் வேலை செய்பவர்கள். புத்தகத்துக்கு ஒரு சோடி. மூன்றாவதை முதலில் எடுத்தாயோ, முதலாவதில் பிழைப்பானா என்று நீ பதற வேண்டியவன் அதில் பெண்சாதியோடு இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான். பட்டியலில் 0.5 என்று போட்டிருந்தால் அது முன்கதை, சின்னக் குறுநாவல். பிறகு வாசித்தாலும் பாதகமில்லை.

ஹார்லிகுவின் பதிப்பகக்காரரின் லவ் இன்ஸ்பயர்ட் சஸ்பென்ஸ் வரிசையில் ஒரு புத்தகம் சுமார் 55,000 சொல். இரண்டு பின்னேரத்தில் முடியும். அவ்வளவுக்குள் காதல், கொலைகாரன், விசுவாசம் மூன்றும் அடங்க வேண்டும் என்பதால் தொடக்கத்திலேயே ஆரோ துரத்துவான். கடைசியில் நேரம் போதாமல் வில்லன் தானாகவே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவான். ரெவெல், பெத்தனி ஹவுஸ் வெளியீடுகள் (இரண்டும் பேக்கர் பதிப்பகக் குழுமம்தான்) 300 பக்கத்தைத் தாண்டும். துப்புகளைத் தூவ இடமிருக்கும். துப்பறிகிற உன் புத்திக்கு ரெவெல்தான் சரி.

நல்லதையும் சொத்தையையும் பிரிக்க, ஆபத்து நேரத்தில் வரும் ஜெபத்தைப் பார். நாயகி மாடிப்படிக்குக் கீழே ஒளிந்திருக்கிறாள், மேலே காலடிச் சத்தம். "கர்த்தாவே, காப்பாற்றும்" என்றதும் பொலிஸ் வாசலில் நின்றால் புத்தகத்தை மூடிவிடு. அதே ஜெபத்துக்குப் பதிலே வராமல், கை நடுங்க நடுங்கச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு பின்கதவுக்குப் போகிறாள் என்றால் எழுதினவருக்குத் தொழில் தெரியும். மனந்திரும்புதலும் இப்படித்தான். நாயகனுக்குக் கடவுளோடு என்ன கோபம் என்பது முதல் மூன்று அத்தியாயத்துக்குள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கடைசிக்கு முதல் அத்தியாயத்தில் போதகர் ஒருவர் வந்து பிரசங்கம் வைப்பார். பிரசங்கம் கேட்கக் கோயிலுக்குப் போகலாம்தானே, பிள்ளை.

முத்தத்துக்கு மேலே போகாது என்பதால் காதல் சப்பென்று இருக்கும் என்று நினையாதே. தொடாமல் இருக்கிற இடத்தில்தான் இந்த எழுத்தாளர்கள் கெட்டிக்காரர்.

பாவித்த புத்தகம் வாங்கினால் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார். பழைய கதையைப் புது அட்டையில், இரண்டை ஒன்றாகக் கட்டியும் விற்பார்கள். வேதாகமத்தில் வரும் ஓசியா தீர்க்கதரிசியின் கதையைத் தழுவிய 'ரிடீமிங் லவ்' நாவல் 1991இல் பொதுவாசகருக்காக வந்தது. அதை எழுதின பிரான்சின் ரிவர்ஸ் என்பவரே திருத்திய கிறிஸ்தவப் பதிப்பு 1997இல் வந்தது. ஆண்டைப் பாராமல் வாங்காதே.

ரொறொன்ரோ நூலக அட்டை இருக்கும்தானே? லிபி செயலியில் இரவல் எடு. நாள் முடிந்தால் தானாகத் திரும்பிவிடும், தண்டம் இல்லை. தொடரின் முதலாவது புத்தகம் கிடைத்த கையோடு இரண்டாவதுக்கும் பதிந்து வை. காத்திருப்போர் வரிசை நீளம்.

எனக்கு அனுப்புவதென்றால் கார்த்திகை, மார்கழி மழைக்குள் வேண்டாம். ஈரத்தில் தாள் ஊதிவிடும், முதுகுப் பசை விட்டு நடுப்பக்கங்கள் கழன்றுவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொலித்தீனில் சுற்று.

அன்புடன்,
அம்மா