வெட்டுவதென்று முடிவான பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு வளாகங்களில் நிற்கும் பெரிய மரங்களை வெட்டலாமா, கூடாதா என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், வெட்டுவதென்று முடிவான பிறகு அந்த வேலையை எப்படித் திட்டமிடுவது என்பதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். வெட்டலாமா என்று மாதக்கணக்கில் யோசிக்கும் குடும்பங்கள்கூட, எப்படி வெட்டுவது என்பதை, கூலி பேசிய மறுநாள் காலை ரம்பத்தோடும் கயிற்றோடும் வந்து நிற்பவர் பாடு என்று விட்டுவிடுகின்றன. உடைந்த ஓடுகளும் சரிந்த சுற்றுச்சுவர்களும் உயிர்ச்சேதமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

வெட்டத்தான் வேண்டுமா என்பதை மரத்தடியில் நின்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும். இலை கொட்டுகிறது, குப்பை சேர்கிறது என்பதெல்லாம் ஒரு காரணமாகாது என்பது என் கருத்து. சாய்ந்து நிற்கும் மரமெல்லாம் விழப்போகும் மரமும் அல்ல. இளமையிலேயே சாய்ந்து, பிறகு நுனி நிமிர்ந்து வளர்ந்த மரம் அந்தச் சாய்வைத் தாங்கும்படி வேரையும் அடிமரத்தையும் வலுப்படுத்திக்கொண்டிருக்கும். அண்மையில் சாய்ந்த மரமோ, சாய்வுக்கு எதிர்ப்புறத்து மண்ணைப் பிறை வடிவில் பிளந்தோ மேடாகக் கிளப்பியோ காட்டிக்கொடுத்துவிடும். அங்கே காலதாமதம் கூடாது. தூரில் தட்டுத்தட்டாகப் பூத்திருக்கும் காளான், கவையிலிருந்து கீழ்நோக்கி ஓடும் வெடிப்பு, மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் மட்டும் ஓசை பொள்ளென்று மாறுவது ஆகியவை உள்ளே உளுத்திருப்பதைச் சொல்லும். இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் ரம்பத்தைத் தேட வேண்டியதில்லை. விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்ட வேண்டும். பட்ட கிளைகளைக் கழிப்பதும், நீண்டு பாரமாகிவிட்ட கொம்புகளைக் குறைப்பதுமே போதும் என்று அவர் சொல்லவும் கூடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெட்ட மனமில்லாதவர்கள் பலர், சமரசமாக, மரத்தின் தலையை மட்டும் மொட்டையடித்துவிட்டு ஆபத்து நீங்கியது என்று நிம்மதி அடைகிறார்கள். மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவைக்கிறது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970-களில் விளக்கிக் காட்டினார். தடித்த கொம்புகளை நடுவில் துண்டித்தால், அந்தச் சுவர் எழும்பும் வேகத்தை முந்திக்கொண்டு உளுப்பு உள்ளே இறங்கிவிடுகிறது. வெட்டுவாயில் கொத்தாகக் கிளம்பும் புதுக்கிளைகளோ மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு வேகமாக நீள்கின்றன. சில ஆண்டுகளில் அதே கூரைக்கு மேலே, முன்னைவிடப் பலவீனமான பிடிப்போடு, அதே உயரத்தில் கிளைகள் நிற்கும்.

வெட்டுவதே வழி என்றானால், அடுத்து அளக்க வேண்டியது இடம். மரத்தின் உயரத்தை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. கண்ணுக்கும் நீட்டிய கைக்கும் உள்ள தூரத்துக்குச் சமமான ஒரு குச்சியைக் கையில் செங்குத்தாகப் பிடித்து, குச்சியின் இரு முனைகளும் மரத்தின் அடியோடும் நுனியோடும் பொருந்தும் வரை சமதரையில் பின்னால் நகர்ந்தால், நீங்கள் நிற்கும் தொலைவே ஏறக்குறைய மரத்தின் உயரம். அந்த உயரத்துக்கு ஒரு பக்கமேனும் வெட்டவெளி இல்லையென்றால் மரத்தை முழுதாகச் சாய்ப்பது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. வெட்டவெளி இருந்தாலும், சாய்க்கும் வேளையில் வேலையில் இல்லாத எவரும் மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தொலைவுக்கு அப்பால் இருக்க வேண்டும். விழ வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, எதிர்ப்புறத்திலிருந்து அறுத்துக்கொண்டு வரும்போது, நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அறுபடாத மரம் கீல்போல மிஞ்ச வேண்டும்; மரத்தை நாம் நினைத்த திசையில் வழிநடத்துவது அந்தக் கீல்தான். அதையும் அறுத்துவிட்டால் மரம் எங்கே போகும் என்பது யார் கையிலும் இல்லை. வீட்டுக்காரர் இதைச் செய்யப்போவதில்லை என்றாலும், செய்பவரிடம் கேட்பதற்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் அவ்வளவு இடம் கிடையாது. ஆகவே மேலே ஏறித் துண்டுதுண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்குவார்கள். இந்த வேலையில் எடையைக் குறைத்து மதிப்பிடுவதே பெரிய அபாயம். அரை மீட்டருக்குச் சற்று மேல், அதாவது 60 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சை மரத்துண்டு பெரும்பாலான இனங்களில் முக்கால் டன்னை நெருங்கும். அதுவும் தொங்கியபடி மெல்ல இறங்காமல் சிறிது தூரம் விழுந்து கயிற்றில் சுண்டி நின்றால், கயிறு தாங்க வேண்டிய விசை அந்த எடையைப்போல் பல மடங்கு ஆகிவிடும். அந்த விசை முழுவதும் கப்பி கட்டிய மரத்தின் மீதே, அதில் ஏறி நிற்கும் மனிதரின் இடுப்புக்கயிறு கட்டப்பட்டிருக்கும் அதே மரத்தின் மீதே இறங்குகிறது. மரம் உளுத்துவிட்டது, பட்டுவிட்டது என்பதற்காகத்தானே வெட்டச் சொல்கிறோம்? அப்படியானால் ஏறுபவர் எதை நம்பி ஏறுவார்? உளுத்த மரத்துக்குக் கிரேனோ, ஆளை உயர்த்தும் மேடை பொருத்திய வண்டியோ தேவைப்படலாம்; அது உள்ளே வரப் பாதை இருக்கிறதா, அதன் கால்கள் ஊன்றும் இடத்துக்கு அடியில் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறதா என்பதையெல்லாம் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். விழும்போது விழட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்பட்ட மரங்களை வெட்டுவது கடினமாவதும் செலவு கூடுவதும் இதனால்தான்.

மின்கம்பி அருகில் இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பயிற்சி பெறாதவர் கம்பியிலிருந்து சுமார் 3 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதி. மின்னழுத்தம் கூடினால் அந்த இடைவெளியும் கூடும். பச்சைக் கிளையும் நனைந்த கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து, இணைப்பைத் துண்டித்துவிட்டதை அவர்கள் வாயிலாக உறுதிசெய்துகொண்ட பிறகே ஆளை ஏற்ற வேண்டும். மழை பெய்த மறுநாளும் காற்று வீசும் நாளும் இந்த வேலைக்கு ஆகாது. கூட்டில் குஞ்சுகள் இருந்தால், உடனடி ஆபத்து இல்லாதவரை, அவை பறக்கும் வரை பொறுப்பது நல்லது. பல இடங்களில் சட்டமும் அதையே சொல்கிறது. உள்ளாட்சி அனுமதியும், எல்லைக்கு அப்பால் கிளை நீட்டியிருந்தால் பக்கத்து வீட்டாரின் ஒப்புதலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தமும் அப்படித்தான். வாய்ப்பேச்சில் முடியும் ஒப்பந்தங்களில் தொகை மட்டுமே தெளிவாக இருக்கும். அடிக்கட்டை யார் பொறுப்பு, கழித்த கிளைகளை அகற்றுவது யார், விறகு யாருக்கு, ஓடு உடைந்தால் யார் ஈடு செய்வது, தொழிலாளிக்குக் காப்பீடு உண்டா என்பவை மரம் தரைக்கு வந்த பிறகே வாக்குவாதமாகத் தலைதூக்குகின்றன. தலைக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் கால்களுக்கான கவசமும் இல்லாமல், ஏணி மீது நின்றுகொண்டே இயந்திர ரம்பத்தை இயக்கத் துணியும் ஒருவரை, எவ்வளவு குறைந்த கூலிக்கு வந்தாலும் திருப்பி அனுப்பிவிடலாம்.

மரம் போன பிறகும் வேலை முடிவதில்லை. அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பதாக இருந்தால், சுவருக்கும் குழாய்க்கும் அருகில் ஓடும் வேர்களைப் பிடுங்காமல் மண்ணிலேயே மக்க விடுவது நல்லது. அரைக்கும் இயந்திரத்தைக் கொண்டு தரைமட்டத்துக்குக் கீழே 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை பொடித்துவிட்டாலும் போதும். ஆனால், வேர்கள் மக்க மக்க அந்த இடம் சில ஆண்டுகளுக்கு மெல்லத் தாழும் என்பதால், அதன் மேல் உடனே தளம் போடக் கூடாது. பொடித்த மரத்தூள் மண்ணின் தழைச்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்துக்கொள்வதால், புதுக்கன்றை அதே குழியில் நடாமல் சற்றுத் தள்ளி நட வேண்டும்.

பலர் கேள்விப்பட்டேயிராத ஆபத்து களிமண் நிலத்தில் இருக்கிறது. நீரை உறிஞ்சி உப்பும் தன்மையுள்ள களிமண்ணில், பெரிய மரம் பல்லாண்டுகளாக உறிஞ்சி உலர்த்திவைத்த மண், மரம் போனதும் மெல்ல மெல்ல ஈரத்தைத் திரும்பப் பெற்று வீங்குகிறது. மரம் வளர்ந்து நின்றபோது கட்டப்பட்ட வீடாக இருந்தால், அதன் அடித்தளம் உலர்ந்த மண்ணின் மேல் எழுந்தது. அந்த மண் உப்பும்போது தரையும் சுவரும் மேலே தூக்கப்பட்டு விரிசல் விடுகின்றன, அதுவும் பல ஆண்டுகள் வரை நீளக்கூடும். விரிசலுக்குப் பயந்து வெட்டிய மரமே விரிசலுக்குக் காரணமாகிவிடும் இந்த நிலைமையைத் தவிர்க்க, அத்தகைய நிலத்தில் கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் மரத்தில் கைவைக்கக் கூடாது.

உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். அனுமதி விண்ணப்பத்தில், ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்பதோடு, சாய்ப்பதா, துண்டாக இறக்குவதா, மின்கம்பி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அடிக்கட்டையை என்ன செய்யப்போகிறீர்கள், நிலம் களிமண்ணா என்ற நான்கைந்து கேள்விகளையும் சேர்க்கலாம். விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும் வீட்டுக்காரர், விடை தெரியாத ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்துபோய் மரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்