கறுப்பு கிளவுஸ்

தண்டையார்பேட்டை
ஜூன் 22

டேய் குமாரு,

இங்கே எல்லாரும் நலம். அம்மா காரியத்துக்கு வராதவனுக்கு இப்போது என்ன கடிதம் என்று திட்டுவாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். சோடாபுட்டிக்கு இரண்டாவதும் பெண். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காசிமேட்டில் மாமாவின் ஐஸ் உடைக்கிற மெஷின் ஞாபகம் இருக்கிறதா? பொங்கலுக்கு முன்னால் அதில் ஒரு பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. பத்தொன்பது வயது. கட்டி சிக்கியது, கையால் தள்ளினான். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க மாமாதான் பார்த்தார். ஆனால் மறுநாளே வேறொரு பையன் அதே இடத்தில் நின்று அதே மாதிரி தள்ளிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் 61 நாள் மெஷினுக்கு ஓய்வு. வாய்க்குள் கை போனால் மோட்டார் தானாக நிற்கும்படி செய்து தருகிறேன் என்று மாமாவிடம் வாய்விட்டேன். ரிச்சி தெருவில் அகச்சிவப்பு சென்சார் வாங்கினேன். ஒரு எல்இடி கண்ணுக்குத் தெரியாத ஒளியை அடிக்கும். எதிரே இருப்பதில் பட்டுத் திரும்பினால் பக்கத்திலிருக்கிற ரிசீவர் பிடித்துக்கொள்ளும். எல்இடி எரிகிறதா என்று போன் கேமராவில் பார்த்தேன், ஊதா நிறத்தில் மினுக்கியது. உன் ரெகுலேட்டர் மாதிரி எதுவும் வெடிக்கவில்லை.

அந்த உப்புக்காற்றில் போர்டைத் திறந்து வைத்தால் பச்சை பிடித்துவிடும். அதனால் 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டுக்குப் பின்னால் பொருத்தினேன். மெஷின் கிளம்பவே இல்லை! எதிரே ஈ, காக்கா கிடையாது. சென்சாரோ கை இருக்கிறது என்று சாதிக்கிறது. தகடு ஒளியை விடவில்லையோ என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அக்ரிலிக் அந்த ஒளியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் விட்டுவிடும். தகராறு மிச்சத்தில்தான். தகட்டின் ஒவ்வொரு முகமும் 4 சதவீதம் போலத் திருப்பி அனுப்புகிறது. ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி வழியாகத் தெருவோடு நம் மூஞ்சியும் தெரியுமே, அதேதான். தூரத்துக் கையிலிருந்து திரும்புகிற துளி ஒளிக்கு முன்னால், மூக்கடியில் இருக்கிற அந்த 8 சதவீதம் வெள்ளம்.

மருந்து நம் பழைய சைக்கிள் ட்யூப். எல்இடிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு துண்டு வெட்டி நிறுத்தி, இடைவெளியே இல்லாமல் தகட்டோடு அழுத்தினேன். ஒரு மயிரிழை விட்டாலும் கசிகிறது. கசிவு நின்றதும் அருமையாக வேலை செய்தது. கை நீட்டினால் 'டக்', மோட்டார் நின்றது. மாமா போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

தடை முடியப்போகிறது, படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற அவசரம். பையன்கள் கறுப்பு ரப்பர் கிளவுஸ் மாட்டியிருந்ததைப் பார்த்து ஏதோ உறுத்தியது. மோட்டாருக்குப் போகிற பியூஸைப் பிடுங்கிவிட்டு நானும் ஒன்றை மாட்டிக் கையை நீட்டினேன். கையைக் கண்டால் எரிகிற சென்சார் விளக்கு எரியவில்லை. மணிக்கட்டு வரை விட்டேன், அப்போதும் எரியவில்லை. அந்த ட்யூப் ஒளியை விழுங்கியது என்று குதித்தேனே, கிளவுஸும் அதே ஜாதி ரப்பர்தானேடா! எட்டு வாரமாக வெறுங்கையை நீட்டி நீட்டிக் காட்டியிருக்கிறேன்.

அன்றைக்கே கழற்றிவிட்டேன். சென்சார் காப்பாற்றும் என்று நம்பிக் கை விடுகிறவன், சென்சாரே இல்லாத மெஷினில் நிற்கிறவனைவிட ஆபத்தில் இருக்கிறான்.

இப்போது யோசிப்பது வேறு மாதிரி. வாயில் ஒரு பக்கம் எல்இடி, எதிர்ப்பக்கம் ரிசீவர். ஒளி வந்து சேர்ந்தால்தான் மோட்டார் ஓடும். கறுப்போ வெள்ளையோ, குறுக்கே எது வந்தாலும் நிற்கும். எல்இடி செத்தாலும் நிற்கும், ஒயர் அறுந்தாலும் நிற்கும். இரண்டு தகட்டைத் தாண்டி வருவதில் கொஞ்சம் ஒளி குறைந்தால் குறையட்டும். அதைவிட முக்கியம், கட்டி போடுகிற வாயைச் சுற்றி, உள்ளே கை எட்டாத அளவுக்கு நீளமாகத் தகரம் அடிக்க வேண்டும். அது இல்லாமல் எந்த சென்சாரையும் இனி மாட்ட மாட்டேன்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "நல்லா ஓடினதைக் கழட்டிட்டு இப்ப தகரம் அடிக்கச் சொல்றியா? ஐஸ் தண்ணி தெறிச்சா மெஷின் நிக்கும், படகுக்காரன் நிப்பானா?" என்கிறார். ஒரு வாரமாகப் பேச்சும் இல்லை. அந்த மோட்டார் வைண்டிங் விஷயத்திலிருந்து உன்னைப் பெரிய இன்ஜினீயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையை நான் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு வார்த்தை சொல்லு.

அப்புறம், அந்தப் பையன் இப்போது மாமாவிடமே கணக்கு எழுதுகிறான். இடது கையால் பழகுகிறான், 7 மட்டும் இன்னும் திரும்பி விழுகிறது.

உன்,
பாபு